கார் துடைக்கும் துணியும் ஓட்டுநரின் கூலியும்



வாடகைக் கார் ஓட்டும் சகோதரர்களும், பிறர் வீட்டுக் கார்களை மாதச் சம்பளத்திற்கு ஓட்டும் சகோதரர்களும் நம் கோவை மஹல்லாக்களில் நிறைய உள்ளனர். உக்கடம், கரும்புக்கடை, குனியமுத்தூர், போத்தனூர் பகுதிகளில் ஃபஜ்ர் தொழுகை முடிந்து வெளியே வந்தால், தெருவோரம் வாளியும் துணியுமாக நிற்பவர்களைக் காணலாம். வண்டியைத் துடைத்த பிறகே அவர்களுடைய நாள் தொடங்குகிறது. அந்தத் துணியைப் பற்றி எழுதவே இன்று அமர்ந்தோம். மத்ரஸாவில் பாடம் நடத்துபவர் கார் துணியைப் பற்றி எழுதுவதா எனச் சிலர் புன்னகைக்கக்கூடும். ஒரு துணியின் காரணமாக ஒரு குடும்பத்தின் கூலி குறைந்ததைக் கண்ட பின், எழுதாமலிருக்க மனம் ஒப்பவில்லை.

முன்பு காரைத் துடைப்பதற்கு ஒரு மஞ்சள் துணி இருக்கும். அது இல்லையெனில் திருப்பூரிலிருந்து மூட்டையாக வரும் பனியன் வேஸ்ட் இருக்கும். வசதியுள்ளவர்கள் ஷாமி எனப்படும் பதனிட்ட ஆட்டுத்தோலை வைத்திருந்தார்கள். இன்று இவை மூன்றின் இடத்தையும் மைக்ரோஃபைபர் துணி பிடித்துவிட்டது. உதிரிபாகக் கடையிலும், பெட்ரோல் நிலையத்திலும், சிக்னலில் நிற்கும் சிறு வியாபாரியின் கையிலும் அதுவே இருக்கிறது.

நம் ஊரில் காரைக் கழுவிவிட்டுத் துடைக்காமல் விட முடியாது. அதற்குத் தண்ணீரே காரணம். சிறுவாணியிலிருந்து வருவதை ‘நல்ல தண்ணீர்’ என்றும், ஆழ்துளைக் கிணற்றில் எடுப்பதை ‘உப்புத் தண்ணீர்’ என்றும் நம் பெண்கள் பிரித்தே பேசுவார்கள். கார் கழுவ நல்ல தண்ணீரைச் செலவிட எந்த வீட்டிலும் மனம் வராது, வரவும் கூடாது. உப்புத் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் கரைந்திருக்கின்றன. வெயிலில் தானாகக் காயவிட்டால் ஒவ்வொரு துளியும் ஒரு வெள்ளைப் பொட்டை விட்டுச் செல்லும். நாள்பட்டால் அந்தப் பொட்டு கண்ணாடியிலும் பெயிண்டிலும் பிடித்துக்கொள்ளும். ஆகவே கழுவிய உடனே ஈரத்தை எடுத்துவிட வேண்டும். அதற்கு மைக்ரோஃபைபரைப் போல உதவும் துணி வேறில்லை. கெட்டுப்போனால் அதைப் போலத் தீங்கு செய்வதும் வேறில்லை.

இது ஏன் என்பதை நூல் தொழில் தெரிந்த கொங்கு மக்களுக்குச் சொல்வது எளிது. பருத்தி நூலில் நாற்பதாம் நம்பரைவிட அறுபதாம் நம்பர் மெல்லியது. எண் கூடக்கூட நூல் மெலியும். செயற்கை இழைக்கு உரிய டெனியர் கணக்கு இதற்குத் தலைகீழ். 9,000 மீட்டர் நீளமுள்ள இழையின் எடை ஒரு கிராம் என்றால் அது 1 டெனியர். எண் குறையக் குறைய இழை மெலியும். ஒரு டெனியருக்கும் குறைவான இழையே மைக்ரோஃபைபர். ஜப்பானின் டோரே நிறுவனத்தில் பணியாற்றிய மியோஷி ஒகமோட்டோ 1970-இல் இத்தகைய மிக நுண்ணிய இழையைக் கொண்டு மெல்லிய தோல் போன்ற துணியை உருவாக்கினார். துடைக்கும் துணி பிற்பாடு வந்தது.

நாம் வாங்கும் துணியில் பெரும்பாலும் பாலியெஸ்டர் 80 பங்கும், நைலான் இனத்தைச் சேர்ந்த பாலியமைடு 20 பங்கும் இருக்கும். சிலவற்றில் 70-க்கு 30. ஒவ்வோர் இழையையும் ஆரஞ்சுச் சுளைகளைப் போலப் பல கீற்றுகளாகப் பிளந்திருப்பார்கள். பாலியெஸ்டர் தனக்குள் தண்ணீரை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. கீற்றுகளுக்கு இடையிலுள்ள எண்ணற்ற நுண்ணிய இடுக்குகளே தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்கின்றன. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் துணியைப் பராமரிக்கும் முறை முழுவதும் விளங்கிவிடும். இடுக்கு அடைபட்டால் துணி செத்தது. அதே இடுக்கில் மணல் துகள் புகுந்து தங்கினால், துணி உப்புத்தாளாக மாறிவிடும்.

நம் மக்தபில் மாலை நேரத்தில் ஓத வரும் ஒரு பிள்ளையின் தந்தை மாதச் சம்பளத்திற்குக் கார் ஓட்டுபவர். கறுப்பு நிறக் கார். வாங்கி ஓராண்டுகூட ஆகவில்லை. பானட்டின் மேல் வெயில் படும்போது சிலந்தி வலை போல வட்டவட்டமாக மெல்லிய கீறல்கள் தெரிவதை உரிமையாளர் கண்டார். அழுத்தித் துடைத்துக் கெடுத்துவிட்டதாகச் சொல்லி, அந்த மாதச் சம்பளத்தில் 3,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டார். பிள்ளையின் கிதாபுகளுக்கு உரிய தொகையை அடுத்த மாதம் தருவதாகச் சொல்லத்தான் அந்தச் சகோதரர் நம்மிடம் வந்தார். பேச்சினிடையே இதுவும் வெளிவந்தது.

“நான் சுத்தமாத்தானுங்க ஹஜ்ரத் தொடச்சேன். கைல மோதிரம்கூடப் போடறதில்லீங்க. துணியைக்கூட வாரா வாரம் வீட்ல கொடுத்துத் தொவச்சுத்தான் எடுத்துட்டுப் போவேன்” என்றார். அவர் பொய் சொல்பவர் அல்லர்.

துணிகளைக் கொண்டுவரச் சொன்னோம். மூன்று துணிகள் வந்தன. நம்மிடம் ஓதிச் சென்ற மாணவர் ஒருவர் பொள்ளாச்சி சாலையில் வாட்டர் வாஷ் நடத்துகிறார். துணிகளோடு அந்தச் சகோதரரையும் அவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் எந்தக் கருவியையும் எடுக்கவில்லை. முதல் துணியைத் தம் கன்னத்தில் ஒருமுறை இழுத்துப் பார்த்தார்; வெயிலில் காய்ந்த அப்பளம் போல விறைத்திருந்தது. இரண்டாவதன் மீது சிறிது தண்ணீர் ஊற்றினார். தாமரை இலையில் விழுந்தது போலத் தண்ணீர் உருண்டு ஓடியது. மூன்றாவதை விரித்து வெளிச்சத்தில் பிடித்தார். ஓரத் தையலில் பஞ்சுத் துணுக்குகள், ஒரு சிறு முள், விரலில் நெருடும் மணல்.

“பாய், உங்க கைமேல தப்பில்லீங்க. துணி செத்து ரொம்ப நாளாச்சு” என்றார் மாணவர்.

அவர் சொன்னதையும், பிறகு நாம் கேட்டும் படித்தும் அறிந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறோம். ஓட்டுநர்களின் வீடுகளில் இந்தத் துணியைத் துவைப்பவர்கள் பெரும்பாலும் பெண்களே. எனவே சகோதரிகளும் இதைப் படிக்க வேண்டும் என்பது நம் விருப்பம்.

விறைத்துப்போன துணியைக் கெடுத்தவை வெயிலும் சூடும். அழுக்குப் போக வேண்டுமென்று கொதிக்கும் நீரில் போட்டு, மொட்டைமாடியின் உச்சி வெயிலில் காயப்போட்டிருக்கிறார்கள். பருத்திக்கு இது நன்மை. இந்த இழையோ நெகிழி; சூட்டில் அதன் மென்மையான நுனிகள் சுருங்கி விறைத்துவிடும். கை பொறுக்கும் இளஞ்சூடே இதற்கு எல்லை. குளிர்ந்த நீரே போதுமானது. நிழலில், காற்றோட்டத்தில் காய வேண்டும். இஸ்திரிப் பெட்டி இதன் அருகிலும் வரக்கூடாது. பிளீச்சிங் பவுடரும் ஆகாது. அதிலுள்ள குளோரின் பாலியமைடைத் தின்றுவிடும்.

தண்ணீர் உருண்டோடிய துணிக்கு நேர்ந்தது வேறு. வீட்டுத் துணிகளோடு சேர்த்து, கடைசி அலசலில் வாசனைக் கண்டிஷனர் ஊற்றியிருக்கிறார்கள். அந்தத் திரவம் இழையின் மேல் எண்ணெய் போன்ற மெல்லிய படலத்தைப் பூசித்தான் துணியை மிருதுவாக்குகிறது. சட்டைக்கு அது நலம். இங்கே அந்தப் படலம் இடுக்குகளை மூடிவிடுகிறது. கையால் தடவினால் பட்டுப் போலிருக்கும். தண்ணீர் மட்டும் ஏறாது. நம் உப்புத் தண்ணீரில் கட்டிச் சோப்பைத் தேய்த்தாலும் இதே கதைதான். சோப்பும் கால்சியமும் கூடி, கரையாத வெள்ளைப் பிசுக்காக இழைகளுக்குள் தங்கிவிடும். தூள் சோப்பும் முழுமையாகக் கரையாமல் மணிமணியாக நிற்பதுண்டு. வாசனைக் கண்டிஷனர் கலக்காத திரவச் சோப்பு ஒரு மூடி போதும். இடுக்கு அடைபட்ட துணியைத் தூக்கியெறியுமுன், ஒரு வாளித் தண்ணீரில் அரைக் கோப்பை வினிகர் கலந்து அரை மணி நேரம் ஊறவைத்து அலசிப் பாருங்கள். உப்புப் படிவு பெரும்பாலும் விட்டுவிடும். கண்டிஷனர் படலத்திற்கு, இளஞ்சூட்டு நீரில் திரவச் சோப்போடு இரண்டு மூன்று முறை துவைத்தால் பலன் கிடைக்கலாம். அந்தச் சகோதரரின் இரண்டாவது துணி அப்படித்தான் பாதி உயிர் பெற்றது.

மூன்றாவது துணியே கீறலுக்கு முதற்காரணம். பருத்தித் துணிகளோடு சேர்த்துத் துவைத்ததால் பஞ்சு ஏறியிருந்தது. இந்த இழை எதைக் கண்டாலும் பற்றிக்கொள்ளும். அதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. துடைக்கும்போது துணி கைதவறித் தரையில் விழுந்திருக்கிறது. எடுத்து உதறிவிட்டு மறுபடி துடைத்திருக்கிறார். பருத்தியில் ஒட்டிய மணல் உதறினால் பெரும்பாலும் போய்விடும், இதில் போகாது. தரையில் விழுந்த துணியை, துவைக்காமல் அன்றைக்கு மறுபடி கையில் எடுக்கக்கூடாது. இன்றைய கார்களில் நிறத்தின் மேல் நிறமற்ற ஒரு பூச்சு இருக்கிறது. அதன் தடிமன் ஏறத்தாழ 50 மைக்ரான். நம் தலைமுடியைவிட மெல்லியது. வட்டக் கீறல்கள் அந்தப் பூச்சில்தான் விழுகின்றன. கறுப்பு வண்டியில் எல்லாம் தெரியும், வெள்ளை வண்டியில் மறைந்திருக்கும், அவ்வளவே.

மாணவர் இன்னொன்றும் சொன்னார். பெயிண்டுக்கு ஒரு துணி, கண்ணாடிக்கு ஒன்று, சக்கரத்திற்கு ஒன்று என நிறத்தால் பிரித்து வைக்க வேண்டும். துவைக்கும்போதும் சக்கரத் துணி மற்றவற்றோடு சேரக்கூடாது. பிரேக்கிலிருந்து உதிரும் இரும்புத் தூள் அதில் இருக்கும். துணியை இரண்டுமுறை மடித்தால் எட்டுப் பக்கங்கள் கிடைக்கும். ஒரு பக்கம் அழுக்கானதும் அடுத்ததற்கு மாற வேண்டும். ஈரத்தை எடுக்கும்போது தேய்க்கத் தேவையில்லை. விரித்துப் போட்டு மெதுவாக இழுத்தால் அதுவே குடித்துவிடும். முழுவதும் காய்ந்த துணியைவிடச் சற்றே ஈரமாகப் பிழிந்த துணி விரைவாகக் குடிக்கும். புதுத் துணியை முதலில் ஒருமுறை துவைத்து, கம்பெனிச் சீட்டை வெட்டியெடுத்த பிறகே வண்டியில் வைக்க வேண்டும். காய்ந்ததை மூடியுள்ள டப்பாவில் வைக்க வேண்டும். ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும் நாட்களில் மொட்டைமாடிக் கொடியில் தொங்கும் துணி எவ்வளவு மண்ணை வாங்கும் என்பதை நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இனி கூலிக்கு வருவோம். இந்த நிகழ்வில் நம்மை உறுத்தியது அதுவே.

ஹனஃபி மத்ஹபின் பாடநூலான குதூரீயை ஓதியவர்கள், கூலி ஒப்பந்தம் பற்றிய பாடத்தில் இருவகைப் பணியாளர்களைப் படித்திருப்பார்கள். ஒருவருக்கே தம் நேரத்தைக் கொடுத்து வேலை செய்பவர் அஜீர் காஸ்; மாதச் சம்பள ஓட்டுநர் இந்த வகை. பலருக்கும் பொதுவாக வேலை செய்து கொடுப்பவர் அஜீர் முஷ்தரக். தையற்காரர், சலவைக்காரர் இந்த வகை. இன்றைய வாட்டர் வாஷ் கடையும் இதில் சேரும். முதல் வகையினரின் கையில் உள்ள பொருள் அமானிதம். எல்லை மீறாதவரை, அவர் கையில் கெட்டதற்கோ அவர் செய்த வேலையால் கெட்டதற்கோ அவர் ஈடு தர வேண்டியதில்லை. இரண்டாம் வகையினர், தம் வேலையால் பொருள் கெட்டால் ஈடு தர வேண்டும். அதற்கு அந்நூல் தரும் உதாரணம், சலவைக்காரர் அடித்துத் துவைக்கும்போது கிழிந்த துணி! தம் வேலையின்றித் தம்மிடம் இருக்கும்போதே பொருள் அழிந்தால் என்ன என்பதில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களுக்கும் அவர்களின் இரு மாணவர்களுக்கும் கருத்து வேறுபாடு உண்டு. இங்கே அது தேவையில்லை.

ஆக, அந்தச் சகோதரரின் 3,000 ரூபாயைப் பிடித்தது சரியன்று என்பது நம் முடிவு. அவர் வேண்டுமென்றே கெடுக்கவில்லை; சொன்ன வேலையை, தெரிந்த அளவில், சுத்தமாகச் செய்தார். இதே சட்டம் நம் மாணவருக்குப் பாரமாகிறது. அவருடைய பையன்கள் மணல் ஏறிய துணியால் ஒரு வண்டியைத் துடைத்துக் கீறல் விழுந்தால், ஈடு அவருடையது. அவரிடமே இதைச் சொன்னோம். “தெரியுமுங்க ஹஜ்ரத், அதனாலதான் துணிக்குத் தனி வாளியே வச்சிருக்கேன்” என்றார்.

கார் உரிமையாளர் நம் மார்க்கத்தவர் அல்லர். அவரிடம் கிதாபைக் கொண்டு செல்வதில் பயனில்லை. துணிகளைக் கொண்டு சென்றோம். அவரும் தண்ணீரை ஊற்றிப் பார்த்தார். மாணவர் பானட்டின் ஒரு மூலையில் பாலிஷ் போட்டுக் காட்டியபோது, கீறல் மேற்பூச்சோடு நின்றிருப்பது தெளிவாயிற்று. அவர் கடுமையான மனிதர் அல்லர். புது வண்டியின் மீதுள்ள ஆசை அது. 1,500 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். மீதி பாலிஷ் செலவுக்கு என்றார். அதில் நமக்கு உடன்பாடில்லை; சொல்லியும் பார்த்தோம், அதற்கு மேல் நகரவில்லை. இனி துணிகளைத் தாமே வாங்கித் தருவதாக ஒப்புக்கொண்டார். இது முக்கியம். வேலைக்கான கருவியை யார் வாங்குவது என்பதை முதல் நாளே பேசிக்கொள்வது நல்லது. பேசாமல் விட்டால் ஊர் வழக்கமே தீர்ப்பாகும். நம் ஊரில் வழக்கமோ ஓட்டுநரின் பையைத்தான் குறிவைக்கிறது.

இந்தச் செய்தியை மக்தபில் சொன்னபோது பிள்ளைகள் கேள்வியால் துளைத்தார்கள். சாலைச் சேறு பட்ட துணி நஜீஸா? சாதாரணத் தெருச்சேறு, அதில் நஜீஸ் தெளிவாகத் தெரியாதவரை மன்னிக்கப்பட்டது. நஜீஸ் பட்ட காரைத் துடைத்தால் மட்டும் போதுமா? கண்ணாடி, வாள் போன்ற உறிஞ்சாத வழுவழுப்பான பொருள்கள், நஜீஸின் அடையாளம் நீங்கும்வரை துடைத்தாலே சுத்தமாகும் என்பது ஹனஃபி சட்டம். ஷாஃபிஈ மத்ஹபில் தண்ணீரால் கழுவ வேண்டும். சரி, துடைத்த துணி? அதை மூன்று முறை கழுவி ஒவ்வொரு முறையும் பிழிய வேண்டும். முறுக்கிப் பிழிந்தால் துணி கெடுமே என்றான் ஒருவன், அந்த ஓட்டுநரின் மகன்தான்! உள்ளங்கைகளுக்கிடையே வைத்து அழுத்தினாலும் அது பிழிவதே என்றோம். பிழியவே இயலாத பொருளானால், ஒவ்வொரு முறையும் சொட்டுவது நிற்கும்வரை தொங்கவிட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னோம்.

நபி (ஸல்) அவர்கள் ஒரு முத் அளவுத் தண்ணீரில் உளூச் செய்தார்கள் என்பது ஸஹீஹான செய்தி. முத் என்பது இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு. அந்த உம்மத்தைச் சேர்ந்த நாம் குழாயைத் திறந்துவிட்டபடி காரையும் துணியையும் அலசுகிறோம். கார் கழுவ இரண்டு வாளியும், அன்றைய துணிகளை அலச ஒரு வாளியும் போதும்.

அலசிய தண்ணீர் எங்கே போகிறது என்பதையும் கொங்கு நாட்டவர் கேட்டாக வேண்டும். சாயத் தண்ணீர் நொய்யலை என்ன செய்தது என்பதற்கு 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாட்சி. பாசனத்திற்கென்று கட்டியதில் சாயக் கழிவு தேங்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூட உத்தரவிடும் அளவுக்கு அது முற்றியது. நம் துணியில் சாயம் குறைவு. ஆனால் துவைக்கும்போதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத நெகிழி இழைகள் உதிர்கின்றன. நேரடியாக நுண்துகளாகவே கடலில் சேரும் நெகிழியில் சுமார் 35 சதவீதம் செயற்கைத் துணிகளைத் துவைப்பதால் வருவது என ஐயூசிஎன் எனும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு 2017-இல் மதிப்பிட்டது. ஆகவே முரட்டுத்தனமாகக் கசக்காமல் துவையுங்கள். வாஷிங் மெஷினில் போட்டால் மென்மையான சுழற்சியில் போடுங்கள். வாளித் தண்ணீரைப் பழைய வேட்டித் துணியில் வடித்துவிட்டுக் கொட்டுங்கள். முழுவதும் நிற்காவிட்டாலும் பெரிய இழைகள் நின்றுவிடும். தென்னைக்கும் வாழைக்கும் பாய்ச்சும் வழக்கமுள்ள வீடுகளில் இந்தத் தண்ணீரை மட்டும் அந்தப் பக்கம் விட வேண்டாம்.

ஒரு துணி எத்தனை நாள் வரும் எனப் பலர் கேட்கிறார்கள். நாள் கணக்கு சொல்வதற்கில்லை. கன்னத்தில் இழுத்தால் நெருடுகிறதா, ஊற்றிய தண்ணீரைக் குடிக்கிறதா என்ற இரண்டையும் மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். தேறாததைப் பெயிண்டிலிருந்து இறக்கிச் சக்கரத்திற்குக் கொடுங்கள். ஒரு மூலையைக் கத்தரித்து அடையாளம் செய்தால் மறந்தும் மேலே போகாது. சக்கரத்திற்கும் ஆகாதபோது எஞ்சின் எண்ணெய் துடைக்கலாம், சைக்கிள் சங்கிலிக்கு வைக்கலாம். குப்பையோடு சேர்த்துக் கொளுத்திவிடாதீர்கள். அது பஞ்சுத் துணி அன்று, எரிந்தால் நெகிழிப் புகைதான் வரும். அந்தச் சகோதரரின் விறைத்த துணி இப்போது நம் மத்ரஸாவின் சைக்கிள் நிறுத்துமிடத்தில் ஆணியில் தொங்குகிறது, மூலை கத்தரித்தபடி.